இழுக்கிற மாத்திரை

மைதானத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் நடுவட்டம். வாரநாட்களில் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். சனி, ஞாயிறுகளில் கறுப்புச் சட்டையும் விசிலுமாகக் கால்பந்து நடுவர். மற்ற நடுவர்கள் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். இவர் ஓட மாட்டார். மைதானத்தின் மத்தியில் சுண்ணாம்பால் போட்டிருக்கும் வட்டத்திலிருந்து இரு பக்கமும் கொஞ்ச தூரம் போவார், அவசரமென்றால் நாலு எட்டு வேகமாக வைப்பார், அதோடு நின்றுவிடுவார். கோல் கம்பத்துக்கு முன்னால் பத்துப் பேர் உருண்டு புரண்டுகொண்டிருந்தாலும் தீர்ப்பு தூரத்திலிருந்துதான் வரும்.

அதற்கு அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. புதிதாக வரும் நடுவர்களுக்கும் அதைச் சொல்வார்.

“கிட்டப் போனா காலுதான் தெரியும். தள்ளி நின்னாத்தான் ஆட்டம் தெரியும்.”

கோல்கீப்பர்கள் இதை ஒத்துக்கொண்டதில்லை. “சார், பைனாகுலர் ஏதாவது வாங்கித் தரட்டுமா?” என்று கத்துவார்கள். அவர் கோபப்படாமல் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டுவார். விளக்கம் சொல்ல மாட்டார். பேச்சில் அவ்வளவு சிக்கனம். அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர், வாய் ஓயாதவர். “எங்க வீட்டுக்காரர் பேசினா தந்தி அடிச்ச மாதிரி இருக்கும். வந்தேன், சாப்பிட்டேன், தூங்கறேன். அவ்வளவுதான்” என்பார். சண்டைக்கு இழுத்தாலும் வர மாட்டாராம். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாராம்.

அங்கே ஆட்டம் பார்க்கப் போகிற நான் அவரைத் திறமையான நடுவர் என்று நினைத்ததில்லை. நிதானமானவர் என்று நினைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைத்தான் இப்போது எந்த மனிதரைப் பற்றியும் பயன்படுத்தத் தயக்கமாக இருக்கிறது.

விஷயம் மூச்சுதான். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஓடி நின்றதும் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. நின்ற பிறகுதான் இருமல் வரும், உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும், பாதி மூச்சு உள்ளே போகும், மீதி வாசலிலேயே நின்றுவிடும். ஒரு டாக்டரிடம் போனார். அங்கே கூட்டம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், சீட்டு எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே சின்னச் சின்ன கேப்ஸ்யூல்கள், கண்ணாடி போல உடம்பு, உள்ளே துளி வெள்ளைப் பொடி.

“இது இழுக்கிற மாத்திரை. ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுக்கு ஒரு மெஷின் இருக்கு, இப்ப ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வந்து வாங்கிக்குங்க.”

அடுத்த வாரம் அவர் போகவில்லை. மெஷின் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் முகமூடி மாட்டிக்கொண்டு, கடகடவென்று சத்தம் போடும் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அது முற்றிப் போனவர்களுக்கு. நமக்கு மாத்திரை போதும். தலைவலிக்குத் தலைவலி மாத்திரை, காய்ச்சலுக்குக் காய்ச்சல் மாத்திரை, இழுப்புக்கு இழுக்கிற மாத்திரை. டப்பாவில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அவர் படிக்கவில்லை. படிக்கிறவர்களை நானும் அதிகம் பார்த்ததில்லை.

அவர் மாத்திரையை முழுங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரோடு.

அது வேலை செய்யவில்லை என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் விடாமல் முழுங்கினார். தினமும் காலையில் ஒன்று, ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று, கடையில் தின்னர் வாசனை நெஞ்சை அடைத்தால் ஒன்று. சீட்டைக் காட்டினால் டப்பா கிடைத்தது. மெஷினைப் பற்றி எந்தக் கடைக்காரரும் மறுபடி கேட்கவில்லை. அது வீட்டில் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் மீன் எண்ணெய் வீட்டுக்குள் வந்தது. கொண்டுவந்தவர் மச்சான், மனைவியின் தம்பி. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கையில் ஏதாவது ஒரு பாட்டில். கைபேசியில் எதையாவது படித்துவிட்டு வந்து பிரசங்கம் செய்கிற ஆள்.

“அத்தான், இங்க பாருங்க. ஓடறப்ப மூச்சு இழுக்கறவங்களுக்கு மீன் எண்ணெய் குடுத்துப் பார்த்திருக்காங்க. விளையாட்டுக்காரங்களுக்குத்தான். மூச்சுக் குழாய்ல வீக்கம் குறையுதாம். மீன் என்னிக்காவது மூச்சு வாங்கிப் பார்த்திருக்கீங்களா?”

“மீனுக்கு ஏதுடா நுரையீரல்?” என்றார் அக்கா.

“அதான் சொல்றேன், பிரச்சினையே இல்ல பாரு!”

பொன்னிறத்தில், விரல் நுனி பருமனுக்கு இருந்தன அந்த மாத்திரைகள். நடுவர் அவற்றை நம்பினார். பார்க்கவே மருந்து மாதிரி இருந்தன. ஏப்பம் விட்டால் மீன் வாசனை வந்தது, உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி போல. கடையில் நிறம் பார்க்க வந்த ஒரு அம்மாள் மூக்கைச் சுளித்து, “இந்த பெயின்ட் காய்ஞ்சப்புறமும் இப்படித்தான் வாடை அடிக்குமா?” என்று கேட்டதாகக் கடை முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்து, சேர்த்தே முழுங்குவார். பெரியது எஜமான், சின்னது எடுபிடி.

மூச்சு நன்றாக இருந்த நாட்களுக்கெல்லாம் மீன் எண்ணெய் பெயர் வாங்கியது. மோசமான நாட்களுக்கு வெயில், தூசி, வயது என்று வேறு காரணங்கள் கிடைத்தன. எதையும் நம்ப ஆரம்பித்துவிட்டால் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது. யாரையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது. எந்த நாளில் எந்தக் காரணம் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்ட அவரிடம் கருவி ஒன்றும் இல்லை. இருந்தது உடம்பு ஒன்றுதான். அதுவும் மூச்சு முட்டும் இடத்தில் நின்றுவிடப் பழகிக்கொண்டது.

போன போட்டிப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒன்று நடந்தது. பந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று முறை அடுத்தடுத்துப் பாய, அவரும் வேறு வழியில்லாமல் ஓடினார். பிறகு ஒருவன் செய்த தவறுக்காக விசிலை வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. காற்று இல்லை. தவறு செய்த ஆட்டக்காரனே நின்று, “சார், ஊதுங்க சார்” என்று காத்திருந்தான். கூட்டம் முதலில் சிரித்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்த பிறகு சிரிப்பு அடங்கியது.

சங்கச் செயலாளர் அவரை அழைத்தார். பல வருடப் பழக்கம். வருடாவருடம் நடக்கும் ஓட்டச் சோதனையில் செயலாளரின் கைக்கடிகாரம் நடுவட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

“இந்த வருஷம் கடிகாரம் என் கையில இல்ல. மெஷின் வந்திருக்கு. பீப் அடிக்கறதுக்குள்ள அந்தக் கூம்பைத் தாண்டலேன்னா வெளிய. அது போக, உங்களுக்கு மூச்சுப் பரிசோதனை சர்ட்டிபிகேட்டும் வேணும். நான் என்ன பண்ண?”

அவருக்கு மைதானத்தைத் தவிர வேறு இடம் கிடையாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடையில் அவர் நிறம் கலக்கும் ஆள், கலக்கும் மெஷின் பழுதானால் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடப்படுபவர். வீட்டில் தந்தி. மைதானத்தில் மட்டும்தான் இருபத்திரண்டு பேர் அவர் கையை உயர்த்தினால் நின்றார்கள். சோதனையில் தோற்றால் அது போய்விடும். ஆகவே மீன் எண்ணெயை இரட்டிப்பாக்கினார். பிறகு பரிசோதனைக்குப் போனார். மனைவியும் கூட வந்தார்.

மூச்சுப் பரிசோதனை அறையில் ஒரு குழாயை வாயில் கவ்வச் சொன்னார்கள். பரிசோதனை செய்யும் பெண், “ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!” என்று கத்தினார். மனைவி வெளியிலிருந்து, “அவருக்குத் தொழிலே ஊதறதுதாம்மா” என்றார். முதலில் அளவு சுமாராக வந்தது. பிறகு டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றி ஓட வைத்து, இறக்கி, சற்று உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். இந்த முறை அந்தப் பெண் கத்தவில்லை. திரையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார்.

டாக்டரம்மா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்படி வச்சுக்கிட்டா ஆட்டத்துல ஓடறீங்க?”

“அதிகம் ஓட மாட்டேன்.”

“என்ன மருந்து எடுக்கறீங்க?”

“மீன் எண்ணெய்” என்றார் கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சாப்பிடறதுல தப்பில்ல. ஓடினா மூச்சு இழுக்கற பெரியவங்க சிலருக்கு அது உதவியிருக்குன்னு சின்னச் சின்ன ஆய்வு இருக்கு. ஒண்ணும் தெரியலேன்னு சொல்ற ஆய்வும் இருக்கு. உதவினதா சொல்ற ஆய்வுல குடுத்த அளவு நீங்க முழுங்கறதை விட ரொம்ப அதிகம், அதை நீங்களா ஏத்திக்கக் கூடாது. அதை நம்பி மருந்தை விடவும் கூடாது. மருந்து என்ன எடுக்கறீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவைத் திறந்து சின்ன மாத்திரையைக் காட்டினார். டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது.

“ஆங், இது சரிதான். ஒழுங்கா எடுக்கறீங்களா?”

“ஒரு நாள் விட்டதில்ல.”

“அப்புறம் ஏன் இப்படி…” டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். “சரி, எப்படி எடுக்கறீங்கன்னு செஞ்சு காட்டுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் மாத்திரையை நாக்கில் வைத்து, அண்ணாந்து, முழுங்கினார்.

பரிசோதனை செய்யும் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

“முழுங்கிட்டீங்க” என்றார் டாக்டரம்மா.

“ஆமா.”

“எப்பவும் இப்படித்தானா?”

“வேற எப்படி?”

“இது முழுங்கற மாத்திரை இல்லைங்க. இழுக்கிற மாத்திரை.”

“அதேதான் டாக்டர். இழுப்பு மாத்திரை.”

“ஐயோ, இழுக்கறதுன்னா…” டாக்டரம்மா எழுந்துவிட்டார். தன் நெஞ்சில் கை வைத்து ஆழமாக மூச்சை உள்ளே வாங்கிக் காட்டினார். “இழுக்கறதுன்னா, இது. இழுக்கறது. மூச்சை.”

அலமாரியிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். மாத்திரையை அதில் சொருகித் திருகினார். உள்ளே மாத்திரை இரண்டாகப் பிளந்தது. வெள்ளைப் பொடி குழாய்க்குள் உதிர்ந்தது. “இதை வாயில வச்சு உறிஞ்சணும். பொடி நுரையீரலுக்குப் போகும். நீங்க முழுங்கினது வயித்துக்குப் போச்சு. உங்க வயிறு எத்தனையோ வருஷமா ரொம்ப நல்லா மூச்சு விட்டுக்கிட்டிருக்கும், போங்க.”

மனைவி சிரித்தார். சிரித்தபடியே அழ ஆரம்பித்தார். “பக்கத்துல உட்கார்ந்து நானே தண்ணி ஊத்திக் குடுத்திருக்கேன் டாக்டர். தினம் தினம் குடுத்திருக்கேன்.”

அவர் அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். மெஷின். இதற்குத்தான் கடைக்காரர் மெஷின் என்று சொல்லியிருக்கிறார். சோப்புப் பெட்டியோடுகூடப் போட்டி போட முடியாத இந்தத் துண்டு பிளாஸ்டிக்குக்கு.

டாக்டரம்மா மருந்துகளை மாற்றி எழுதினார். காலையும் மாலையும் இழுக்க ஒன்று, ஓடுவதற்கு முன்னால் இழுக்க வேறொன்று. அங்கேயே செய்து காட்டச் சொல்லி, தவறாகச் செய்தபோது திருத்தி, சரியாகச் செய்த பிறகுதான் அனுப்பினார்.

அன்று மாலை மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

“அத்தான்கிட்ட குடு… அத்தான், அப்ப என் மீன் எண்ணெய் வேலை செஞ்சுதா இல்லையா?”

“தெரியல மச்சான்.”

“ஒரு பர்சன்ட் கூடவா தெரியல?”

“தெரியலங்கறதுதான் நெஜம். சின்ன மாத்திரை தப்பா போச்சு. அது பக்கத்துல இருந்த பெரிய மாத்திரை என்ன பண்ணுச்சுன்னு யாரைக் கேக்கறது?”

அவர் வாழ்க்கையில் சொன்ன மிக நீளமான பதில் அதுவாக இருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், கடை திறப்பதற்கு முன் மனைவியோடு மைதானத்துக்குப் போனார். மருந்தை இழுத்தார். டாக்டரம்மா சொன்னபடி கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு ஓடினார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, திரும்ப, மறுபடியும். நின்றார். நின்று, பழக்கப்படி முட்டியைப் பிடித்துக் குனிந்து, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் வந்த மூச்சு எல்லாம் முழுசாக உள்ளே போயிற்று. மெல்ல நிமிர்ந்தார். மனைவி பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடிவந்தார்.

“என்னாச்சுங்க? முகமெல்லாம் வெளுத்திருக்கு!”

“எல்லாரும் இப்படித்தான் இருக்காங்களா?”

“எப்படி?”

“ஓடிட்டு… சும்மா நிக்கறாங்களா?”

“ஆமா.”

“நீயுமா?”

“நான் எங்க ஓடறேன்? ஆனா ஆமா, பஸ்ஸுக்கு ஓடினா நின்னதும் சரியாயிடும்.”

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று மனைவி எதிர்பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது திகில். இவ்வளவு காலமாக உலகம் இப்படித்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் நெஞ்சைப் பற்றி நினைக்காமலே ஓடியிருக்கிறார்கள், மாடி ஏறியிருக்கிறார்கள், ஏறிக்கொண்டே பேசியிருக்கிறார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

வீட்டில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி மனைவிக்குக் காத்திருந்தது. அவர் பேச ஆரம்பித்தார். படி ஏறும்போதே பேசினார். சாப்பிடும்போது கடை முதலாளியைப் பற்றி, வெள்ளையில் துளி நீலம் விட்டால் அது எப்படி இன்னும் வெளுக்கும் என்பதைப் பற்றி. ஒரு நாள் சண்டைகூடப் போட்டார், பதிலுக்குப் பதில். பாதியில் மனைவிதான் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

“நான் பொறுமைசாலியைக் கட்டிக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கடைசியில இவருக்குப் பேச மூச்சு இல்லாமத்தான் இருந்திருக்கு” என்று என்னிடம் சொன்னார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும்தான். ஒருவரின் அமைதி, ஒருவரின் கொள்கை என்று நாம் மதித்துப் பேசுவதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவருடைய மூச்சுக் குழாயுடையது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

ஓட்டச் சோதனையில் அவர் தேறினார். பீப் ஒலிக்கும் முன்பே ஒவ்வொரு கூம்பையும் தாண்டினார். செயலாளர் மெஷின் பழுதாகிவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தார். மைதானம் அவருக்கே கிடைத்தது.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவர் பந்தோடு ஓடினார். எங்கே பார்த்தாலும் அவர் இருந்தார். ஆட்டக்காரர்கள் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். “சார், பின்னாடி நிக்கறது நீங்களா? நான் எங்க ஆளுன்னு நெனச்சு பாஸ் குடுக்கப் பார்த்தேன்” என்றான் ஒருவன். கிட்டே போனால் கால்தான் தெரியும் என்று அவர் சொல்லிவந்தது ஒரு வகையில் சரிதான். கால்கள் தெரிந்தன. எந்தக் கால் எதைத் தொட்டது, எது தொடவில்லை என்பதும் தெரிந்தது.

இரண்டாம் பாதியில், அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் பந்தோடு கோல் பகுதிக்குள் புகுந்தான். பல பருவங்களாக அவன் அணிக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவன், பெனால்டி அடிப்பதில் கெட்டிக்காரன். தடுப்பாட்டக்காரன் குறுக்கே வந்தான். முன்வரிசைக்காரன் கையை விரித்து, அலறிக்கொண்டு விழுந்து, இரண்டு முறை புரண்டான். வட்டத்திலிருந்து பார்த்தால் சந்தேகமே இல்லாத தவறு.

நடுவர் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தார். இருவருக்கும் நடுவே புல் தெரிந்தது. யாரும் யாரையும் தொடவில்லை.

அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினார்.

விழுந்தவன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். கோபப்படவில்லை, கத்தவில்லை. கடையில் வழக்கமாக வாங்கும் பொருள் இல்லை என்று சொல்லக் கேட்ட வாடிக்கையாளரைப் போல, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான்.

“என்ன சார், வழக்கமா குடுப்பீங்களே?”

அவருடைய நெஞ்சில் மூச்சு நிறைய இருந்தது. அவர் தடுப்பாட்டக்காரனைத் திரும்பிப் பார்த்தார். பந்து ஏற்கெனவே மறுகோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. தடுப்பாட்டக்காரன் இன்னும் இரண்டு கைகளையும் தூக்கியபடி, தண்டனைக்குக் காத்திருப்பவனாக, அசையாமல் நின்றான். இத்தனை வருடங்களில் அந்த இடத்தில் அப்படி நின்றவர்கள் எத்தனை பேர் என்று அவர் நினைத்துப் பார்க்கத் தொடங்கினார். நினைக்க நேரம் இல்லை. மறுகோடியில் யாரோ விழுந்திருந்தார்கள். இரு அணிகளும் அவரைத் தேடித் திரும்பின. அவர் ஓடினார்.